ஓட்டுநர் பக்கம் திறக்கவில்லை

ஆபீஸில் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் போலீஸ். மேஜைமேல் தண்ணீர் பாட்டில் இடம் மாறியிருந்தால்கூட யார் தொட்டது என்று கேட்காமல் விடமாட்டாள். பள்ளி வேன் எங்கே வருகிறது என்று காட்டும் செயலியை எழுதுவது அவள் வேலை. பெற்றோர் பார்க்கும் பக்கம் அவள் பொறுப்பு. ஓட்டுநர் பார்க்கும் பக்கம் எதிர் மேஜைக்காரன் பொறுப்பு.

வெள்ளோட்டம் விட்ட காலையில் ஓட்டுநர் பக்கம் தொட்டவுடனே படுத்துவிட்டது. ஒரு ஓட்டுநர் போனில் கத்தினார். "பிள்ளைங்க தெருமுனையில நிக்குது. எந்தத் தெருன்னாவது சொல்லித் தொலைங்க!"

எதிர் மேஜைக்காரன் தன் திரையோடு ஒட்டிக்கொண்டிருந்தான். அவள் அந்தப் பக்கம் போனால் திரையைச் சட்டென்று மறைத்தான். அவளுக்குச் சந்தேகம் வர அது போதாதா? மத்தியானம் அவள் இல்லாத நேரத்தில் அவன் அவளுடைய இருக்கையருகே நின்றதாகக் கேன்டீனில் ஒருத்தி சொன்னதும் அவள் தன் இருக்கைக்கு ஓடினாள். கடவுச்சொல்லை மாற்றினாள். யார் எதை மாற்றினார்கள் என்ற பதிவில் அவன் செய்ததை மட்டும் துருவினாள். ஒன்றும் சிக்கவில்லை.

"ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க?" என்றார் வீட்டில் கணவர்.

"நான் எழுதினதுல யாரோ கை வெச்சிருக்காங்க."

"போன மாசம் வாட்ச்மேன். அதுக்கு முன்னாடி என் தங்கச்சி. இப்ப யாரு?"

அவள் விருட்டென்று உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் அவனைக் கையும் களவுமாகப் பிடிப்பதற்காகவே செயலியை வரிவரியாக ஓட்டிப் பார்த்தாள். இரண்டு பக்கங்களுக்கும் பொதுவானதை அவள் பேரன்ட் கிளாஸாக, அதாவது தாய் அச்சாக, எழுதியிருந்தாள். அவனுடைய ஓட்டுநர் பக்கம் அதன் சைல்ட் கிளாஸ்; தாயிடம் உள்ளதை எடுத்துக்கொண்டு தனக்கு வேண்டியதை மட்டும் மாற்றிக்கொள்ளும் பிள்ளை. பக்கம் உருவாகும்போது பேரன்ட்தான் முதலில் எழும். எழும்போதே, தலைப்பைக் காட்டு என்று அதில் ஒரு வரி உத்தரவு போட்டது. தலைப்பில் வழித்தடத்தின் பெயர் வரவேண்டும் என்று அவன் அந்த வேலையைத் தன் கிளாஸில் மாற்றி எழுதியிருந்தான். அதனால் உத்தரவு சைல்டுக்குப் போனது; சைல்டோ இன்னும் எழவே இல்லை. வழித்தடம் இருக்கவேண்டிய இடம் காலி. இல்லாததைக் காட்டச் சொன்னால் செயலி சாகாமல் என்ன செய்யும்?

அந்த உத்தரவைப் போட்டது யார் என்று பார்த்தாள். வெள்ளோட்டத்துக்கு முந்தின நாள், அவளேதான். தன் பக்கத்தை மட்டும் சோதித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பியிருந்தாள்.

காது சுட்டது. எழுந்துபோய் எதிர் மேஜையருகே நின்றாள். அவன் வழக்கம்போல் திரையை மறைத்தான்.

"மறைக்காதீங்க. என்னதான் அது?"

தயங்கிக் காட்டினான். அவளுடைய அதே வரியைப் படம் எடுத்து வைத்திருந்தான்.

"நீங்க வேணும்னே என் பக்கத்தக் கவுத்துட்டீங்கன்னு நெனச்சேன், மேடம். கேக்கலாம்னுதான் உங்க சீட்டுக்கு வந்தேன், நீங்க இல்ல. அப்புறம் மேனேஜருக்கு அனுப்பிடலாம்னு எடுத்து வெச்சேன்."

"அனுப்பிட்டீங்களா?"

"இல்ல."

அந்த இல்லையை அவள் முழுதாக நம்பவில்லை. ஆனாலும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். உத்தரவைப் பேரன்ட் எழும் இடத்திலிருந்து எடுத்து, பக்கம் முழுதாக உருவான பிறகு ஓடும்படி வைத்தாள். இம்முறை இருவரும் சேர்ந்து இரண்டு பக்கங்களையும் ஓட்டிப் பார்த்தார்கள். ஓட்டுநர் பக்கம் திறந்து வழித்தடத்தின் பெயரைக் காட்டியது.

மேலாளர் எட்டிப் பார்த்தார். "யாரால வந்துச்சு?"

"நான் போட்ட வரிதான், சார்."

எதிர் மேஜைக்காரன் அந்தப் படத்தை அழித்தான். நிஜமாகவே அழித்தானா என்று அவள் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டாள்.