தடைப் பட்டியலில் என் கணவர் பெயர்

எண்பத்தெட்டுப் போராட்டத்தின்போது யாங்கோன் தெருவில் என் தம்பியை ராணுவத்தார் சுட்டுப்போட்டார்கள். அதனால் பல வருஷம் கழித்து, எல்லைப் பகுதிகளில் சண்டை நடத்தும் ராணுவ அதிகாரிகளைத் தடைப் பட்டியலில் சேர்த்து, அவர்கள் சொத்துகளை வெளிநாட்டு அரசாங்கங்கள் முடக்கிவிட்டன என்று வானொலியில் கேட்டதும், மாதா கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினேன். இதை மறைக்க விரும்பவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் என் கணவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. மிங்கலா தாங்ஞுன்ட் சந்தையிலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் மூன்று இடத்தில் உட்காருவார். இதய வால்வை மாற்ற வேண்டும், அதை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும் என்றார் டாக்டர். கப்பலில் வேலை பார்த்த என் அண்ணன், தன் சேமிப்பு முழுவதையும் சிங்கப்பூரிலிருந்து டாலராக என் கணவரின் கணக்குக்கு அனுப்பினான்.

பணம் வரவில்லை.

அண்ணன்தான் விசாரித்துவிட்டு போனில் சொன்னான். வழியில் ஒரு வெளிநாட்டு வங்கி பணத்தை முடக்கிவிட்டது. வாங்கிக்கொள்பவர் தடைப் பட்டியலில் இருக்கிறாராம். என் கணவர் ரயில்வே கூலி ஒருவரின் பேரன். பள்ளியில் சேர்த்தபோது வாத்தியார் வைத்த பர்மியப் பெயர்தான் அவருக்கு. அதே பெயரில் ஒரு கர்னல் அந்தப் பட்டியலில் இருந்திருக்கிறார்.

"நான் கர்னலாமா?" என்று படுத்தபடியே சிரித்தார். சிரிப்பு இருமலாகிவிட்டது.

நான் டைப் அடித்துக்கொண்டிருந்த அலுவலகத்து வக்கீல், வயதான பர்மியர், வங்கிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். எங்கள் அடையாள அட்டையில் அப்பா பெயரும் இருக்கும். என் மாமனார் பெயர் தமிழ்ப் பெயர். "இதைப் பார்த்தாலே புரிஞ்சுடும், மகளே" என்றார். அட்டையின் நகல், டாக்டர் சீட்டு எல்லாம் போயின. விசாரணையில் இருப்பதாக ஒரு வரி பதில் வந்தது. மறுபடி எழுதினேன். மறுபடியும் அதே வரி.

தையல் மெஷினையும் தாலிச் சங்கிலியையும் விற்றேன். மாத்திரைக்கே சரியாகப் போயிற்று.

"என் பேருக்கு மறுபடி அனுப்பச் சொல்லவா?" என்று அவரிடம் கேட்டேன்.

"அனுப்ப உங்கண்ணன்கிட்ட இன்னும் என்ன இருக்கு?" என்றார். கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டு, "நீ மெழுகுவர்த்தி ஏத்தினது தப்பில்லம்மா. அதையே நினைச்சுக்கிட்டு இருக்காதே" என்றார்.

நான் வெளியே போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மழை விடுவதற்குள் அவர் போய்விட்டார். காலையில் தேநீர் கொண்டுபோனேன். சுவரில் சாய்ந்தபடி இருந்தார். தூங்குகிறார் என்று நினைத்துப் போர்வையை இழுத்துவிட்டேன். கை சில்லென்றிருந்தது.

சில மாதங்கள் கழித்து, அவர் வேறு ஆள் என்று வங்கியில் ஒப்புக்கொண்டு, பணத்தை அண்ணனுக்கே திருப்பிவிட்டார்கள். கப்பல் யாங்கோனுக்கு வந்தபோது அவன் அதைக் கையோடு கொண்டுவந்து என் முன் வைத்தான்.

"இனி எனக்கு எதுக்கு? எடுத்துட்டுப் போண்ணா" என்றேன்.

சோறு போட்டேன். தட்டைப் பார்த்தபடியே இருந்தான். கப்பலுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து, சாப்பிடாமலே போனான்.