முத்துலட்சுமியின் இடைவெளிக் கணக்கு

சிவகாசியில் போட்டித் தேர்வுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவனுக்கு விடை தெரிந்தால் மட்டும் போதாது, யார் என்ன வேலை பார்த்துவிட்டு வகுப்பில் வந்து உட்காருகிறார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் வரிசை மாற்றக் கணக்கு நடத்தித் தொண்டை வற்றியவர்கள் யாராவது இதைப் படித்தால், என் பாடு புரியும்.

முதல் தாள்

ஆறு சாமி படங்களை ஓர் ஆல்பத்தில் எத்தனை விதமாக அடுக்கலாம் என்று கேட்டேன். காலண்டர் அடிக்கிற ஊராயிற்றே, சுலபமாக இருக்கட்டும் என்று நானே யோசித்துப் போட்ட கணக்கு. ஆறிலிருந்து ஒன்றுவரை பெருக்கினால் எழுநூற்று இருபது. வகுப்பில் பாதிப் பேர் நூற்றிருபது என்று எழுதியிருந்தார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிவிட்டார்கள் என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

விசாரித்தால் அத்தனை பேரும் அச்சகத்து ஆட்கள். தனித்தனியாகத்தான் தப்புச் செய்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் காலண்டர் வாங்க வருகிறவர்களுக்குக் காட்டும் மாதிரி ஆல்பத்தைப் பிரித்தால் முதலில் பிள்ளையார்தான். மிச்சம் ஐந்தைத்தான் மாற்றி அடுக்கியிருக்கிறார்கள். கணக்கில் அப்படி நிபந்தனை இல்லையே என்றேன். பைண்டிங் வேலை பார்க்கும் கருப்பசாமி என்மேல் பரிதாபப்பட்டுச் சொன்னார்:

"இதையெல்லாமா சார் சொல்லுவாக? பிள்ளையார ரெண்டாவதா வச்சா ஆல்பத்த யாரு தொடுவா?"

சேரக் கூடாத இரண்டு

முத்துலட்சுமி, பக்கத்து ஊரான எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிகளுக்குள் மருந்து செலுத்துபவர். வயது வரம்புப்படி அந்த வருஷத் தேர்வுதான் அவருக்குக் கடைசி வாய்ப்பு. தேறினால் ஆபீஸில் ஒரு நாற்காலி, இல்லையென்றால் அதே மருந்து ரூம்.

ஏழு பெட்டிகளை வரிசையாக வைக்க வேண்டும், குறிப்பிட்ட இரண்டு மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வரக் கூடாது. நான் நடத்தும் வழி இது: மொத்த வரிசைகளை எண்ணு, இரண்டும் சேர்ந்து வருவதை எண்ணிக் கழி. 5040-இல் 1440 போனால் 3600. முத்துலட்சுமி மட்டும் கழிக்கவே மாட்டார். மற்ற ஐந்தையும் முதலில் வைத்து, ஓரங்களையும் சேர்த்து ஆறு இடைவெளி விட்டு, அந்த இரண்டையும் வேறு வேறு இடைவெளியில் போடுவார். விடை அதேதான். ஆனாலும் சொன்னபடி செய்தால் என்ன என்று மூன்று ஞாயிறு சொல்லிப் பார்த்துவிட்டு, நாலாவது ஞாயிறு கத்தியேவிட்டேன். அவர் நோட்டைப் பார்த்தபடி, போன வருஷம் சேரக் கூடாத இரண்டு மருந்தைச் சேர்த்து வைத்ததில் பக்கத்து ரூம் வெடித்ததையும், அதில் கூட வேலை பார்த்த தோழி போனதையும் சொன்னார்.

"கூடாதுன்ன ரெண்டையும் கணக்குக்குக்கூட சேத்து வைக்க எனக்குக் கை வரமாட்டேங்குது சார். ரூமுக்கு ரூம் நடுவுல எடம் விட்டிருந்ததாலதான் நான் இங்கன உக்காந்திருக்கேன்."

மூன்று வந்தபோது

கத்தியதற்கு வெட்கப்பட்டு, அவரை அவர் வழியிலேயே விட்டுவிட்டேன்.

தேர்வு முடிந்ததும் டீக்கடையில் கூடி விடைகளைச் சரிபார்த்தோம். அதே ஏழு பெட்டிதான் வந்திருந்தது. ஆனால் இந்தத் தடவை சேரக் கூடாதவை மூன்று; அவற்றில் எந்த இரண்டும் ஒட்டக் கூடாது. என் வகுப்பு மொத்தமும் மூன்றும் சேர்ந்து வருவதை மட்டும் கழித்து 4320 என்று எழுதியிருந்தது. இரண்டு ஒட்டி, ஒன்று தள்ளி நிற்கும் வரிசைகள் கழியாமல் உள்ளேயே உட்கார்ந்துவிட்டன. மூன்றுக்கு அந்த வழி ஆகாது என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. தப்பு முழுக்க என்னுடையது. முத்துலட்சுமி மட்டும் நான்கை வைத்து, ஐந்து இடைவெளி விட்டு, மூன்றைப் போட்டு 1440 என்று எழுதியிருந்தார்.

அந்த ஒரு கேள்வியின் மார்க்கில்தான் தேறினார். வேலையில் சேர்ந்த வாரம் காராச்சேவு பொட்டலத்தோடு வந்தவரிடம், ஆபீஸ் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"எல்லாரும் ஒட்டி ஒட்டி உக்காந்திருக்காக சார். மொத நாளு எனக்குப் பயமாத்தான் இருந்துச்சு."

பதினைந்து வருஷமாகக் கூடாததைச் சேர்த்து வைத்துக் கழித்துக்கொண்டிருந்த நான், இப்போதெல்லாம் இடைவெளி விட்டுத்தான் பாடத்தையே தொடங்குகிறேன்.