எதிர்மேடும் என் பைனாகுலரும்

கப்பலில் வேலை பார்த்த என் தம்பி அந்த முறை போளூருக்கு வந்தபோது இரண்டு பைனாகுலர் கொண்டுவந்திருந்தான். இரண்டையும் மொட்டை மாடிச் சுவரில் வைத்துவிட்டு, "ஒண்ணு உனக்கு. எதுன்னு நீயே பாத்து எடுத்துக்கோக்கா" என்றான். நான் எதையும் சட்டென்று எடுக்கிற ஆள் இல்லை. புடவைக் கடையில் கடைக்காரர் முகத்தைச் சுளிக்கும்வரை புரட்டுகிறவள். அன்று பொழுது சாயும்வரை மாடியை விட்டு இறங்கவில்லை.

பெரியது பார்க்க ஜோராக இருந்தது. பன்னிரண்டு மடங்கு பெரிதாகக் காட்டும் என்றான். காட்டியது, என் கை நடுக்கத்தையும் சேர்த்து. ரயிலடி சிக்னல் கம்பம் கண்ணுக்குள் குதித்துக்கொண்டே இருந்தது. சின்னது எட்டு மடங்குதான், ஆனால் கம்பம் நின்ற இடத்தில் நின்றது. இரண்டு குழாய்களையும் உள்பக்கமாக மடித்தால் சோப்பு டப்பா அளவுக்குச் சுருங்கி உள்ளங்கையில் அடங்கிவிடும். கரண்டு கம்பியைப் பார்த்தேன். பெரியதில் கம்பியின் ஓரத்தில் ஊதா நிறத்தில் ஒரு கோடு ஒட்டிக்கொண்டிருந்தது, சின்னதில் வெறும் கம்பி மட்டும் தெரிந்தது. நான் மூக்குக்கண்ணாடி போடுகிறவள். சின்னதின் ரப்பர் விளிம்பை மடித்துவிட்டால் கண்ணாடியைக் கழற்றாமலே முழு வட்டமும் கிடைத்தது. ஒரே ஒரு குறை, இருட்டத் தொடங்கியதும் அதில் எல்லாம் சீக்கிரம் மங்கியது. பக்கத்து வீட்டுக் கொடியில் கிடந்த சிவப்புச் சேலை கறுப்பாகிவிட்டது, வெள்ளை வேட்டி மட்டும் கடைசிவரை தெரிந்தது. சின்னதை எடுத்துக்கொண்டேன்.

எனக்கெதற்கு பைனாகுலர் என்று அம்மாவே கேட்டாள். அது எண்பதுகளின் தொடக்கம். நான் மலைமேல் நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊரில் அரசாங்க நர்ஸ். குவார்ட்டர்ஸ் என்று பெயர், இருந்தது ஒரே அறை. வாசலில் நின்றால் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் எதிர்மேடு தெரியும். சில குடிசைகள், சாமைக் கொல்லை, நடுவில் பெரிய புளியமரம். கூப்பிட்டால் கேட்கும்போல இருக்கும், ஆனால் கேட்காது. ஓடையில் இறங்கி ஏறிப் போக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

அந்த மேட்டில் ஒரு கர்ப்பிணி இருந்தாள். முதல் பிள்ளை வயிற்றிலேயே இறந்துபோயிருந்தது. இப்போது எட்டாம் மாதம், கால் வீங்கியிருந்தது. விரலால் அழுத்தினால் விழுந்த குழி விழுந்தபடியே நின்றது. ரத்த அழுத்தமும் எனக்குப் பிடிக்காத இடத்தில் இருந்தது. போளூர் ஆஸ்பத்திரியில் போய்த் தங்கச் சொன்னேன். புருஷன் கீழ்நாட்டில் கரும்பு வெட்டப் போயிருந்தான். அவன் வரட்டும் என்றாள் மாமியார். அவள் கெட்டவள் இல்லை, மருமகளுக்குத் தன் கையால் களி ஊட்டுகிறவள். மகனைக் கேட்காமல் மருமகளை மலையிறக்க அவளுக்கு பயம், அவ்வளவுதான். எனக்கோ வேறு பயம். இந்த வீக்கம் ஒருநாள் தலைவலியாக ஏறும், கண் மங்கும், பிறகு வலிப்பு வரும், பிறகு தாயும் இல்லை பிள்ளையும் இல்லை. இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரத் தூரத்தில் தூங்குவது லேசான காரியம் இல்லை.

அதனால் ஒரு ஏற்பாடு செய்தேன். தலைவலியோ, கண் மங்கலோ, இடுப்பு வலியோ எது வந்தாலும் புளியமரத்தில் என் பக்கத்துக் கிளையில் வெள்ளை வேட்டி கட்ட வேண்டும். சிவப்புச் சேலை கட்டுகிறேனே என்றாள் மாமியார். மாடியில் பார்த்தது நினைவிருந்ததால் வெள்ளைதான் என்று அடித்துச் சொன்னேன்.

அடுத்த வாரம் சத்து மாத்திரை வாங்க மாமியார் வந்தாள். பெருமை தாங்காமல் பைனாகுலரை அவள் கையில் கொடுத்து எதிர்மேட்டைக் காட்டினேன். பார்த்தபடியே குரலைத் தாழ்த்திக்கொண்டாள், அங்கே இருப்பவர்களுக்குக் கேட்டுவிடும் என்பதுபோல. "தோ எங்க வூடு. வெள்ளாடு நிக்குது. மருமவ வாசல்ல குந்தினு இருக்கா பாரு." கண்ணாடியை இறக்கி என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "அப்ப அங்க இன்னா நடந்தாலும் உனுக்குத் தெரிஞ்சிடும், நர்சம்மா."

"தெரியும்மா. ஆனா வேட்டி கட்டணும், மறந்துடாதீங்க" என்றேன். தலையை ஆட்டினாள். நானும் நம்பினேன். அவள் போன பிறகு பார்த்தால் எனக்கு எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. என் வலது கண்ணுக்கென்று சரிசெய்து வைத்த வளையத்தை அவள் திருகியிருந்தாள். மறுபடி சரிசெய்து, இனி யாரும் திருகாமலிருக்க காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியை வளையத்தின் மேல் சுற்றினேன்.

அதற்குப் பிறகு எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறைதான். விழித்ததும் முகம்கூடக் கழுவாமல் வாசலுக்கு ஓடுவேன். நிலைக்கதவில் முதுகைச் சாய்த்து, இரண்டு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டி, மூச்சை அடக்கிப் பார்க்க வேண்டும். மூச்சை விட்டால் பனிக்காலத்தில் கண்ணாடி புகைந்துவிடும். மரத்தில் வேட்டி இல்லை என்றால் நிம்மதி, அடுப்பில் பால் பொங்கி வழியும்வரை அந்த நிம்மதி நிற்கும், பிறகு மறுபடி ஓடுவேன். ஒருநாள் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. பையைத் தூக்கிக்கொண்டு ஓடைவரை போய்விட்டேன். அங்கே நின்று இன்னொருமுறை பார்த்தபோது அது இறக்கையை விரித்துப் பறந்தது. கொக்கு. கொக்கைத் திட்டிக்கொண்டே திரும்பி மேடேறினேன்.

அந்த நாள் காலையில் மூடுபனி. விலகியதும் பார்த்தேன், மரத்தில் ஒன்றும் இல்லை. கீழே அவர்கள் வாசலில் ஒரு கயிற்றுக்கட்டில், அதன்மேல் கம்பளி. பனிக்காலத்தில் படுக்கையை வெயிலில் போடுவது வழக்கம்தான். கம்பளியின் ஓரம் காற்றில் அசைந்துகொண்டிருந்தது. பைனாகுலரை மடித்துப் பையில் போட்டேன்.

அன்று குழந்தைகளுக்குத் தடுப்பூசி. ஒரு குழந்தைக்குக் குத்துவேன், அது அழுது முடிப்பதற்குள் வாசலுக்கு வந்து மரத்தைப் பார்ப்பேன். வெறும் மரம். அதன் ஒவ்வொரு கிளையும் எனக்கு மனப்பாடம், அதைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை. மத்தியானத்துக்கு மேல் தூறல் விழுந்தது. மழையில் நனைந்த வேட்டி தொங்கிப்போய்க் கண்ணுக்குத் தப்பிவிடுமோ என்று பயந்து மறுபடி பார்த்தேன். வெறும் மரம்தான்.

கண்ணாடியை இறக்கும்போது வட்டம் அவர்கள் வாசலைக் கடந்தது. கட்டில் இன்னும் அங்கேயே இருந்தது. மற்ற வாசல்களில் காயப்போட்ட சாமையை அள்ளிவிட்டார்கள், ஆடுகளைக் கட்டிவிட்டார்கள். இந்தக் கட்டிலை மட்டும் யாரும் எடுக்கவில்லை. பக்கத்தில் ஒருத்தி நின்று கட்டிலின் தலைமாட்டுக்கு மேலே கோணிப்பையை விரித்துப் பிடித்திருந்தாள். இன்னும் சிலர் சுற்றி நின்றார்கள். ஒருவரும் கட்டிலைப் பார்க்கவில்லை. அந்தச் சின்ன வட்டத்துக்குள் அத்தனை பேரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எப்படி இறங்கினேன், ஓடையில் எங்கே விழுந்தேன் என்பதெல்லாம் நினைவில்லை. போய்ச் சேர்ந்தபோது மருமகள் கம்பளிக்குள் கண்ணை மூடிக்கிடந்தாள். முகம் ஊதியிருந்தது. தலை பிளக்கிறது, எதிரில் நிற்பவர் ரெண்டு ரெண்டாகத் தெரிகிறார்கள் என்றாள். வலிப்பு இன்னும் வரவில்லை.

"இன்னா நர்சம்மா, இம்மா நேரம்?" என்றாள் மாமியார். குரலில் கோபம் இல்லை, அழுது ஓய்ந்த குரல். "பொழுது விடிஞ்சதும் கட்டில வெளிய போட்டுட்டோம். உன் பக்கமாத் திருப்பித்தான் போட்டோம்."

"வேட்டி எங்கம்மா? வேட்டி கட்டச் சொன்னேனே."

"வேட்டி இன்னாத்துக்கு? அவளையே காட்டினு இருக்கோம், வேட்டி வேற காட்டணுமா?"

கண்ணாடியை அவள் கையில் கொடுத்து எல்லாம் தெரியும் என்று சொன்னது நான்தான். எல்லாம் தெரிந்தவளிடம் ஆள் அனுப்பிச் சொல்வது அவளுக்கு அதிகப்பிரசங்கித்தனமாகப் பட்டிருக்க வேண்டும். ஊசி போட்டேன். இரண்டு பேர் மூங்கிலில் கம்பளியைக் கட்டி டோலி ஆக்கினார்கள். இந்த முறை மகன் வரட்டும் என்று மாமியார் சொல்லவில்லை, அவளே முன்னால் நடந்தாள். வழியெல்லாம் துணி சுற்றிய கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, வலிப்பு வந்தால் பல்லுக்கிடையில் வைக்க வேண்டுமே என்று டோலியில் கிடந்தவள் வாயையே பார்த்துக்கொண்டு நடந்தேன். பாதையில் புளி ஏற்ற வந்த லாரி நின்றிருந்தது. மூட்டைகளுக்கு நடுவில் படுக்கவைத்து போளூர் கொண்டுபோனோம்.

ஆஸ்பத்திரியில் பிள்ளையை எடுத்துவிட்டார்கள். சின்னப் பெண் குழந்தை, ஆனால் நல்ல குரல். தாய்க்கு வீக்கம் வடிய நாளானது. வடிந்த பிறகு ஒரு சாயங்காலம் பார்க்கப் போனேன். கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். மாமியார் தரையில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்திருந்தாள். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவள் அதற்கு பதில் சொல்லாமல், ரொம்ப நாளாக மனதில் வைத்திருந்ததுபோல வேறொன்றைக் கேட்டாள்.

"அன்னிக்குக் காலையில கம்பளிக்குள்ளேர்ந்து உங்களுக்குக் கைய ஆட்டினேங்க. பாத்தீங்களா?"

கம்பளியின் ஓரம் காற்றில் அசைந்தது எனக்குக் கண்ணெதிரே வந்தது.

"பாத்தேன்" என்றேன்.

அவள் முகம் மலர்ந்து மாமியார் பக்கம் திரும்பினாள். "நான்தான் சொன்னேனே, நர்சம்மா பாத்துட்டாங்கன்னு."