உமாமகேஸ்வரியின் ஏழரை

சனிக்கிழமை என்றால் மற்ற ஊர்களில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுச் சும்மா கிடப்பார்கள். திருநள்ளாற்றில் அன்றைக்குத்தான் மூச்சு விட நேரமிருக்காது. சனீஸ்வரரைக் கண்டு உலகம் நடுங்கினால் நடுங்கிவிட்டுப் போகட்டும். இந்த ஊருக்குச் சோறு போடுகிறவர் அவர்தான். தெற்கு வீதி லாட்ஜ் ஒன்றில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கும் உமாமகேஸ்வரிக்கும் அவர்தான் படியளக்கிறார். ரூம் இருக்கா என்று கேட்டு வருகிறவரிடம் என்ன ராசி என்று கேட்டு, கும்பம் என்றால் ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டி, அதற்குள் சாவியையும் கையில் திணித்து மாடிக்கு அனுப்பிவிடுவாள். அவளிடம் பேச்சுக் கொடுத்து ஜெயித்தவர்கள் கிடையாது.

அந்தப் பேச்சு ஒரு சமயம் நிற்கவே இல்லை. மகன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷம் அது. தூக்கம் போயிற்று, தூங்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. உடம்பெல்லாம் கரண்ட் ஓடுகிற மாதிரி ஒரே குஷி. லாட்ஜில் எல்லா அறையும் இனிமேல் இலவசம் என்று அறிவித்தாள். அதோடு விட்டாளா? வந்து இறங்கிய பக்தர்களை வாசலிலேயே மறித்து, "சனி ஒங்களப் புடிக்கல. நீங்கதான் அவரப் புடிச்சுத் தொங்குறீங்க. பாவம், விட்ருங்க, ஊரப் பாக்கப் போங்க" என்றாள். அதுவும் திருநள்ளாற்றில் நின்றுகொண்டு! ஒரு வேன் ஆட்கள் நிஜமாகவே திரும்பிப் போய்விட்டார்கள். முதலாளி சிவநாதன் முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். வேன் போனதும் சிரிப்பு நின்றுவிட்டது.

பஸ் கண்டக்டராக இருக்கும் கணவன் ஜெயபிரகாஷ் அவளைக் காரைக்காலுக்கு அழைத்துப் போனான். டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, இருதுருவ மனநோய் என்றார். இந்தக் குஷி ஒரு துருவம், எழுந்து பல் தேய்க்கக்கூடப் பிடிக்காமல் கிடப்பது இன்னொரு துருவம், மாத்திரையை விடாமல் போட்டால் நடுவில் நிம்மதியாக இருக்கலாம் என்று சொன்னார். அப்படியே ஆயிற்று. கொஞ்ச நாளில் உமா பழைய உமாவானாள்.

ஆனால் தெருவுக்கு என்ன சொல்வது? அம்பகரத்தூரில் ஒரு வீட்டில், சித்தப்பாவுக்கு மனநோய் என்று தெரிந்ததும் பெண்ணுக்கு நிச்சயமான கல்யாணம் நின்றுபோன கதை எல்லோருக்கும் தெரியும். மாமியார் மங்கையர்க்கரசி யோசிக்கவே இல்லை. கேட்டவர்களிடம் ஒரு பெருமூச்சு விட்டு, "மகர ராசிங்க. ஏழரை நடக்குது. புள்ளையப் போட்டுப் பொரட்டி எடுக்குது" என்றாள். அவ்வளவுதான். வேறு எந்த ஊரிலாவது இந்தப் பொய் இவ்வளவு சுலபமாகச் செல்லுமா? பைத்தியம் என்றால் கதவைச் சாத்தியிருக்கும் தெரு, எள் சாதத்தைத் தூக்கிக்கொண்டு வந்தது. குளக்கரையில் நல்லெண்ணெய் பாக்கெட் விற்கும் தாமரைச்செல்வி வாராவாரம் ஒரு பாக்கெட் ஓசியில் கொடுத்தாள். சிவநாதனும் வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார். ஏழரைக்காரி என்று ஒருத்தியை நிறுத்தினால் அப்புறம் அவர் லாட்ஜை எதற்காக நடத்துகிறாராம்?

உமாவுக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது. பொய்யென்று தெரிந்தும் அதன்மேல் சாய்ந்துகொண்டாள். சாய்ந்துகொள்ள வேறு என்ன இருந்தது அவளுக்கு? மாத்திரை மட்டும் ரகசியம். ஜெயபிரகாஷ் காரைக்காலில் வாங்கி, டிக்கெட் பைக்குள் போட்டுக்கொண்டு வருவான்.

ஏழரையில் ஒரே ஒரு கோளாறு, அது ஒருநாள் முடிந்துவிடும். வியாதிக்கு அந்த வழக்கம் கிடையாது. போன வருஷமே கண்டம் வந்தது. சென்னையிலிருக்கும் நாத்தனார் போன் செய்து, சனிப்பெயர்ச்சி ஆகிவிட்டது, டிவியில் சொன்னார்கள், உமாவுக்கு ஏழரை தீர்ந்தது என்றாள். சொல்லிச் சொல்லித் தன் பொய்யைத் தானே நம்பிவிட்டிருந்த மங்கையர்க்கரசி மாத்திரை டப்பாவைப் பார்த்த பார்வையே சரியில்லை. உமா சட்டென்று, அது திருக்கணிதப் பஞ்சாங்கம், நம் கோயிலுக்கு வாக்கியப் பஞ்சாங்கம்தான், அதன்படி அடுத்த வருஷம்தான் பெயர்ச்சி என்று ஒரு போடு போட்டாள். லாட்ஜில் இதே கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்தவள் ஆயிற்றே. கோயிலை எதிர்த்து மாமியார் பேசுவாளா? ஜெயபிரகாஷ் அடுப்படிக்குள் போய்ச் சிரித்துவிட்டு வந்தான்.

அந்த வருஷமும் ஓடிவிட்டது. வாக்கியப்படியும் பெயர்ச்சி வந்தது, ஊர் கொள்ளாத கூட்டத்தோடு. கூட்டம் வடிந்த பிறகு ஒருநாள் காலையில் மங்கையர்க்கரசி மருமகளை நளதீர்த்தத்துக்கு அழைத்துப் போனாள். எண்ணெய் தேய்த்து முழுகி, உடுத்தியிருந்த பழைய துணியை அங்கேயே விட்டுவிட்டால் பிடித்த சனியும் அதோடு போயிற்று என்பது வழக்கம். விட்ட துணியைத் திரும்பிக்கூடப் பார்க்கக் கூடாது. உமா முழுகி, புதுச்சேலை கட்டிக்கொண்டு நேரே வேலைக்குப் போனாள். ஈரச்சேலையை நான் போட்டுவிடுகிறேன் என்று மாமியார் வாங்கிக்கொண்டாள்.

மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, மாத்திரை போட டப்பாவைத் தேடினாள். காணோம். மங்கையர்க்கரசியின் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"அதையும் மடியில கட்டிக் கொண்டுபோயி அந்தச் சேலையிலயே முடிஞ்சு போட்டுட்டேன். இனிமே ஒனக்கு எதுக்கு அது?"

டாக்டரம்மா ஊருக்குப் போயிருக்கிறார், அடுத்த வாரம்தான் வருவார். மருந்துச்சீட்டும் அந்த டப்பாவில்தான் இருந்தது; சீட்டு இல்லாமல் எந்தக் கடையிலும் தர மாட்டார்கள். ஆரம்பத்தில் ஒரு தடவை, சரியாகிவிட்டதே என்று அவளாகவே மாத்திரையை நிறுத்திப் பார்த்திருக்கிறாள். சீக்கிரமே தூக்கம் போய், மகனைப் பள்ளிக்கூடத்திலிருந்து இழுத்துக்கொண்டு, கடல் கூப்பிடுகிறது என்று பட்டினச்சேரிக்கு நடந்தே கிளம்பிவிட்டாள். நல்ல வேளை, தெரிந்த ஆட்டோக்காரர் பார்த்துத் திருப்பிக் கொண்டுவந்தார். அன்றைக்கு அந்தப் பிள்ளை அழுத அழுகையை அவளால் மறக்க முடியவில்லை. இன்னொரு தடவை அப்படி ஆகக் கூடாது. மாமியாரைத் திட்டக்கூட நிற்காமல் ஓடினாள்.

குளத்துக்குள் துணி போடக் கூடாதென்று கரையோரம் ஒரு பெரிய தொட்டி கட்டியிருந்தார்கள். காலையிலிருந்து சேர்ந்த ஈரத்துணி அதில் மலையாகக் கிடந்தது. உமா முந்தானையைச் செருகிக்கொண்டு அதற்குள் கையை விட்டாள். வேட்டி வந்தது, சுடிதார் வந்தது, யாரோ ஒரு பெரிய மனிதரின் கோடு போட்ட டிராயர் வந்தது. குளக்கரையே திகைத்து நின்றது. ஊர் ஊராக வந்தவர்கள் விட்டுப்போன சனியெல்லாம் அந்தத் தொட்டிக்குள் அல்லவா இருக்கிறது! தாமரைச்செல்வி எண்ணெய் பாக்கெட்டுகளை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து, விட்ட சனியைத் திரும்ப எடுக்கிறாயே, மறுபடி பிடித்துக்கொள்ளுமே என்று அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

உமா நிமிர்ந்தாள். சொன்னால் எள் சாதம் நிற்கும், எண்ணெய் நிற்கும், வேலையும் போனாலும் போகும். நாளைக்கு மகனுக்குப் பெண் கேட்கப் போகிற இடம் வரைக்கும் அந்தப் பேச்சு போகும்.

"சனி காலையிலயே போயிட்டாருக்கா. இது வேற. எனக்கு மனநோய் இருக்கு. ஆரம்பத்துலேர்ந்தே மாத்திர சாப்புடுறேன். அது இதுக்குள்ள கெடக்கு."

தாமரைச்செல்வி கையை விட்டுவிட்டாள். பின்னால் யாரோ, பைத்தியமா என்று கேட்டது காதில் விழுந்தது. ஒருத்தி தன் குழந்தையை இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். உமாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் குனிந்து தேடினாள்.

அப்போதுதான் மங்கையர்க்கரசி மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். அடுத்தவர் விட்ட துணி தெரியாமல் காலில் பட்டாலே திரும்பப் போய்த் தலைமுழுகுகிறவள் அவள். தொட்டியைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள், சுற்றி நின்ற முகங்களையும் பார்த்தாள். பிறகு வளையலை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு, இரண்டு கையையும் முழங்கை வரைக்கும் அந்தத் துணிக்குள் விட்டாள்.

"வியாதி இவளுக்கு. மாத்திரயக் கொண்டாந்து இங்க போட்ட கூறுகெட்டவ நான்" என்றாள் கூட்டத்தைப் பார்த்து. "இதுல வேடிக்க பாக்க என்ன இருக்கு? ஆளுக்கு ஒரு துணிய ஒதறிப் பாருங்க."

ஒருவரும் அசையவில்லை. தாமரைச்செல்வி கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "என்ன கலர் சேல?" என்றாள்.

கத்திரிப்பூக் கலர் என்றாள் உமா. தாமரைச்செல்வி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தொட்டிக்குள்ளேயே இறங்கிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் நசுங்கிப்போன ஒரு டப்பாவோடு நிமிர்ந்து, அதைத் தன் முந்தானையில் துடைத்தாள். உள்ளே மாத்திரை அட்டை நனையவில்லை.

"இதானே? இந்தா, எங்கிட்ட தண்ணி இருக்கு. மொதல்ல ஒண்ணப் போடு."