பொட்டு வைத்த லேப்டாப்பும் எங்கள் தேவகியும்

தேவகி இறந்துவிட்டாள் என்று எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது நான் நம்பவில்லை. வதந்தியைப் பிரித்துப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. முதலில் போட்டது யார், அவருக்கு யார் சொன்னது, படம் எப்போது எடுத்தது என்று வழக்கம்போலத் தோண்ட ஆரம்பித்தேன். அவள் எண்ணுக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. கார்வேட்டிநகரத்தில் இருக்கும் அவள் தம்பிக்கு அடித்தேன். "காய்ச்சல்னுதான் ஆஸ்பத்திரில சேத்தோம்க்கா. டெங்குன்னாங்க. காலைல போயிட்டா" என்றான். எத்தனையோ செய்திகளைப் பொய் என்று நிரூபித்திருக்கிறேன். இந்த ஒன்றும் பொய்யாக இருக்கக் கூடாதா என்று அழுதேன்.

துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் "நம்ம டாப்பர் போயிட்டா" என்றார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. அவள் மதிப்பெண்ணை யார் கேட்டார்கள்? அவளோடு ஒரே விடுதி அறையில், ஒரே ஆய்வக மேசையில் இருந்தவள் நான். அவள் ஒரு தப்பும் செய்யாதவள் என்று ஆளாளுக்குச் சொல்லும்போது, "அவள் செய்த பெரிய தப்பு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. அன்று கேட்கவில்லை. இப்போது எழுதுகிறேன்.

திருப்பதியில் நாங்கள் சேர்ந்த படிப்பின் பெயர் கணினிப் பாதுகாப்பும் டிஜிட்டல் தடயவியலும். ஊரில் யாருக்கும் அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. "போன் தொறக்கற படிப்பு" என்று சுருக்கிவிட்டார்கள். ஒருமுறை லீவுக்கு அவள் ஊருக்குப் போயிருந்தேன். புத்தூரில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் அவள் தூரத்து உறவுக்காரம்மா ஒருவர் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டார். மருமகன் போனைத் திறந்து காட்ட வேண்டுமாம். மருமகன் குளிக்கும்போது போனையே எடுத்து வந்திருந்தார், அந்த மகராசி.

"எவகூடயோ பேசிக்கினே கீறாம்மா. ஒரு தபா தொறந்து காட்டு, போதும்."

தேவகி சிரித்துக்கொண்டே போனை அந்தம்மாவின் பைக்குள் வைத்தாள். "தொறக்கறது பெரிசில்ல அத்தே. தொறந்து பாத்தப்புறம், பாக்காத மாதிரி இருக்க உன்னால ஆவுமா? வூட்டுக்குப் போயி அவர் கையில குடு. கேக்க வேண்டியத வாயத் தொறந்து கேளு."

அந்தம்மா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு கார்வேட்டிநகரம் வரைக்கும் பேசவே இல்லை. இறங்கும்போது மட்டும், "படிச்ச திமிரு" என்றார். தேவகி அதற்கும் சிரித்தாள். அடுத்தவர் சொத்தில் கை வைக்காதே என்பதை எங்களுக்கு ஒரு பாடமாகவே நடத்தினார்கள். அவளுக்கு அது கூடவே பிறந்தது.

அப்படிப்பட்டவள்தான் அந்தத் தப்பைச் செய்தாள்.

எங்கள் விடுதியில் லாவண்யா என்று ஒரு ஜூனியர் இருந்தாள். விஜயபுரம் பக்கத்துக் கிராமம். அவள் அப்பாவும் அம்மாவும் வேர்க்கடலைக் காட்டில் கூலி வேலை செய்து படிக்க வைத்தார்கள். ஒரு விரிவுரையாளரைக் கேவலமாகத் திட்டி ஒரு மின்னஞ்சல் துறையில் எல்லோருக்கும் போயிருந்தது. அது லாவண்யாவின் லேப்டாப்பிலிருந்து போனதாகக் கண்டுபிடித்தார்கள். "நான் அனுப்பலக்கா, சத்தியமா அனுப்பல" என்று அந்தப் பெண் சாப்பிடாமல் அழுதுகொண்டே இருந்தாள். விசாரணைக் கமிட்டி போட்டார்கள். குற்றம் உறுதியானால் படிப்பிலிருந்தே நீக்கிவிடுவார்கள். லேப்டாப்பைச் சோதிக்கும் பொறுப்பு எங்கள் ஆய்வகத்துக்கு வந்தது. ஆய்வகப் பொறுப்பில் இருந்த மேடம் அந்த வேலையை எனக்கும் தேவகிக்கும் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்.

அது தசரா லீவு விடும் சமயம். லீவுக்கு முன்னாலேயே ஆய்வகத்தில் ஆயுத பூஜை போட்டுவிடுவோம். சந்தனம், குங்குமம், பொரிகடலை, வாழைப்பழம் எல்லாம் தேவகியின் ஏற்பாடு. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கற்பூரம் காட்டிய பிறகு மெஷினைச் சும்மா விடக் கூடாது. டிராக்டர் என்றால் எலுமிச்சம்பழத்தின் மேல் ஒரு உருட்டு, தையல் மெஷின் என்றால் நாலு தையல். ஓடவிட்டு நிறுத்தினால்தான் பூஜை முடிந்ததாகக் கணக்கு. தேவகியும் வரிசையாக எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைத்துக்கொண்டே, ஒவ்வொன்றாக ஆன் செய்துகொண்டே போனாள். கடைசி மேசையில் ஒரு கறுப்பு லேப்டாப் இருந்தது. ஆய்வகத்துடையதுதான் என்று நினைத்து அதற்கும் பொட்டு வைத்து ஆன் செய்தாள். திரையில் லாவண்யாவின் அப்பாவும் அம்மாவும் கடலைச் செடியோடு நின்று சிரித்தார்கள்.

முந்தின நாள் மாலை லாவண்யாவிடமிருந்து வாங்கி வைத்த லேப்டாப் அது. இன்னும் பையில் போட்டுச் சீல் வைக்கவில்லை, சீட்டும் ஒட்டவில்லை. சாட்சிக்கு வந்த கம்ப்யூட்டரை ஆன் செய்யவே கூடாது என்பது எங்கள் படிப்பின் அரிச்சுவடி. ஆன் செய்தாலே உள்ளே ஏராளமான கோப்புகளில் தேதியும் நேரமும் மாறிவிடும். முதலில் உள்ளதை உள்ளபடி நகல் எடுத்து, நகலில்தான் தேட வேண்டும். தேவகியின் முகம் வெளுத்துப்போனது. குங்குமம் வேறு கீபோர்டு விசைகளுக்கு இடையில் கொட்டியிருந்தது.

"தொடச்சி வெச்சிடு மே. யாருக்குத் தெரியப்போவுது" என்றது பூஜைக்கு நின்ற கூட்டம். நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் எனக்கும் பயம்தான். ஆன் செய்தது தெரிந்தால் கமிட்டி முழுச் சோதனையையும் குப்பையில் போடும். அப்புறம் லாவண்யாவுக்கு வேறு என்ன கதி? "நீ யோக்கியமா இருக்கறதுக்கு அந்தப் பொண்ணு படிப்ப வுடணுமா?" என்று அவளிடம் கத்தினேன்.

அவள் கத்தவில்லை. "சுமதி, நான் தொட்டத மறச்சா, தொடாததயும் எவனும் நம்பமாட்டான்" என்றாள். நேராக மேடத்திடம் போய்ச் சொன்னாள். அவர் கொடுத்த திட்டை இங்கே எழுத முடியாது.

அதோடு விட்டாளா? மகளைப் பார்க்க வந்து விடுதி கேட் அருகே உட்கார்ந்திருந்த லாவண்யாவின் அப்பாவிடமும் போனாள். "பெரீப்பா, உங்க பொண்ணு மெஷின நான் தெரியாம ஆன் பண்ணிட்டேன். பூஜ போடறப்ப. அதனால கேஸு கெட்டுக்கூடப் போவலாம்" என்றாள். அவருக்கு அது முழுசாகப் புரிந்ததா தெரியாது. "பூஜதானம்மா போட்ட. பாவமா பண்ணிட்ட? போய்த் துன்னுட்டு வேலயப் பாரு" என்றார். அவள் அழுததை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதன்பிறகு அந்த லேப்டாப்பை அவள் தொடவில்லை. மேடம் கண்ணெதிரே நகல் எடுத்துத் தேடியது நான். அவள் வேறு மூலையில் அதே மாதிரி இன்னொரு லேப்டாப்பை வைத்துக்கொண்டு, தன் தப்பை மறுபடி மறுபடி செய்துகொண்டிருந்தாள். ஆன் செய்வாள், அன்று ஓடிய அளவு நேரம் காத்திருப்பாள், அணைப்பாள். ஒவ்வொரு முறையும் உள்ளே எது மாறுகிறது, எது மாறவில்லை என்று பிரித்துக்கொண்டே வந்தாள். நான் தேடியதில் விஷயம் கிடைத்தது. வெளியிலிருந்து வேறொருவர் அந்த லேப்டாப்பை இயக்க வழிசெய்யும் ஒரு செயலி உள்ளே ஒளிந்திருந்தது. வீட்டுப் பூட்டுக்கு யாரோ கள்ளச்சாவி போட்டு வைத்திருந்த மாதிரி. மின்னஞ்சல் போன நேரத்தில் அந்தக் கள்ளச்சாவிதான் வேலை செய்திருந்தது.

கமிட்டி கூடியது. நான் தேடிக் கண்டுபிடித்ததைச் சொல்லி முடித்தேன். ஒரு சார் அறிக்கையைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்து, லேப்டாப் உங்கள் கைக்கு வந்த பிறகு அது ஆன் ஆகியிருக்கிறதே என்றார். அந்தச் செயலியை நீங்களே போட்டிருக்க மாட்டீர்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்றார். "எவரு ஆன் சேசாரு?", யார் ஆன் செய்தது என்று தெலுங்கில் அதட்டினார்.

"நேனே சார்" என்று எழுந்தாள் தேவகி. நான்தான் சார். பூஜையையும் பொட்டையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். பிறகு தாள்களை மேசைமேல் வைத்தாள். "இவை நான் தொட்டதால் மாறியவை. இவை நான் தொடாதவை. அந்தச் செயலி தொடாதவற்றில் இருக்கிறது. பூஜைக்கு வெகுநாள் முன்பே உள்ளே வந்திருக்கிறது. என் பேச்சை நம்ப வேண்டாம் சார். அதே மாதிரி ஒரு லேப்டாப் கொண்டுவந்திருக்கிறேன். நீங்களே ஆன் செய்து பாருங்கள்."

அவர் உண்மையிலேயே ஆன் செய்து பார்த்தார். நல்ல மனிதர். மாறியது எல்லாம் அவள் தாளில் எழுதியபடியே இருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "சரி அம்மாயி, கூச்சோ" என்றார். உட்காரச் சொன்ன அந்தக் குரலிலேயே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. லாவண்யாவின் மேல் குற்றமில்லை என்று எழுதினார்கள். கள்ளச்சாவி போட்டவனைத் தேடும் வேலை போலீசுக்குப் போயிற்று. அன்று சாயங்காலம் அலிபிரியில் திருமலை ஏறும் படிக்கட்டுக்கு வெளியே நின்று மூன்று பேரும் பஜ்ஜி தின்றோம். தேவகி மலைக்குக் கும்பிடு போட்டுவிட்டு, "சாமி, அடுத்த வருசம் பூஜைக்கு என்ன வுட்டுடு" என்றாள். லாவண்யா சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போனாள்.

படிப்பு முடிந்து தேவகி சித்தூரில் வேலைக்குச் சேர்ந்தாள், நான் சென்னைக்கு வந்துவிட்டேன். அவளிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. யார் என்று கேட்பதற்கு முன்னால் நான் என்று சொல்லிவிடுவது. சொல்லிவிட்டால் மிச்ச வேலையை நிமிர்ந்து செய்ய முடிகிறது.

லாவண்யா இப்போது சித்தூரில் ஒரு கல்லூரியில் இதே பாடத்தை நடத்துகிறாள். தேவகியின் காரியம் முடிந்த மறுவாரம் போன் செய்தாள். அழத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து எடுத்தேன்.

"அக்கா, இன்னிக்கு ஒரு பொண்ணு லேபுக்கு வெளியவே நின்னுக்கினு இருந்தா. இன்னாம்மான்னேன். 'மேடம், பரீட்சைக்கு வெச்சிருந்த டிஸ்க்க நான் நகல் எடுக்காமலேயே தொறந்துட்டேன், எதெது மாறிச்சின்னு எழுதிக் கொண்டாந்திருக்கேன்'ன்னு நீட்டறா. நான் கேக்கவே இல்லக்கா. எனக்குத் தெரியவே தெரியாது."

"நீ திட்டுனியா?"

"எங்க திட்டறது? கண்ணுல தண்ணி வந்திடுச்சி. அந்தப் பொண்ணு நம்ம தேவக்காவப் பாத்ததுகூட இல்லக்கா."