ஒரு ‘ஃபங்ஷன்’ அதிகம்

போன வருடம் ஆடி மாதம். ராயபுரத்தில், துறைமுகத்துக்குக் கன்டெய்னர் அனுப்பும் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலைக்குத் தேர்வு. இருப்பது ஒரே இடம். குழந்தை பிறந்து ஆறு வருடம் வீட்டில் இருந்துவிட்டு, ஜாவாஸ்கிரிப்ட் என்ற கம்ப்யூட்டர் மொழியைப் படித்துக்கொண்டு கிளம்பியவள் நான். அதற்கு முன் மூன்று இடத்தில் ஊத்திக்கொண்டது. இதுவும் இல்லையென்றால் திருவொற்றியூரில் எங்கள் மளிகைக் கடையிலேயே உட்கார்ந்துவிடுகிறேன் என்று வீட்டில் சொல்லியிருந்தேன்.

கூப்பிடும் வரை வராந்தாவில் லேப்டாப்பைத் திறந்து பழகிக்கொண்டிருந்தேன். கன்டெய்னருக்கு ஒரு ‘கிளாஸ்’, அதாவது அதன் விவரங்களை எல்லாம் ஒன்றாகக் கட்டிவைக்கும் நிரல். அதற்குள் எடையைக் கணக்கிட்டுச் சொல்லும் ஒரு துண்டு நிரல்; அதற்கு ‘மெத்தட்’ என்று பெயர். ஓட்டினால் சிவப்பு எழுத்தில் பிழை. அடைப்புக்குறிகளை எண்ணினேன், எழுத்துப்பிழை தேடினேன். ம்ஹூம். எழுந்து வீட்டுக்கே போய்விடலாமா என்றிருந்தது.

பக்கத்தில் கசங்கிய காக்கிச் சட்டையில் ஒருவர். லாரி ஓட்டுகிற வேலைக்கு வந்தவர் போல என்று நினைத்து, அவர் எட்டிப் பார்த்ததும் திரையைத் திருப்பிக்கொண்டேன். அவ்வளவு திமிர் எனக்கு! அவர் விடவில்லை.

“கேட்டத் தாண்டி உள்ள வந்தாச்சு, இன்னும் இன்னாத்துக்குமா பாஸ நீட்டிக்கினு கீற?” என்றார். நான் முழித்தேன். திரையில் ‘ஃபங்ஷன்’ என்ற சொல்லைத் தொட்டுக் காட்டினார். “கிளாஸுக்குள்ள இது வோணாம். மெத்தட் பேரு மட்டும் போதும்.”

அட! கிளாஸ் இல்லாமல் தனித்தனி நிரலாக, ஒவ்வொன்றின் தலையிலும் ‘ஃபங்ஷன்’ என்று போட்டே மாதக்கணக்கில் எழுதிப் பழகிய கை, கிளாஸுக்குள்ளும் அதையே எழுதித் தொலைத்திருக்கிறது. அந்த ஒரு சொல்லை எடுத்தேன், ஓடியது. துறைமுக கேட்டில் பாஸ் பார்க்கும் வேலையில் இருந்துகொண்டே படித்தவராம் அவர். அவரும் அதே தேர்வுக்குத்தான் வந்திருந்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

தேர்வில் முதல் கேள்வியே ஒரு கிளாஸுக்குள் மூன்று மெத்தட் எழுதச் சொல்லித்தான். அன்று மாலையே முடிவு சொன்னார்கள்; வேலை எனக்குக் கிடைத்தது. அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று தயங்கித் தயங்கி வெளியே வந்தேன். மணலியில் இன்னோர் இடத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நம்பர் வாங்கிக்கொண்டேன். இரண்டு மாதம் கழித்து, அங்கே சேர்ந்துவிட்டதாக மெசேஜ் வந்தபோதுதான் எனக்கு மனசு ஆறியது.

ஒரே இடம்தான் என்று தெரிந்தும் அவர் வாயைத் திறந்தார். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் சத்தியமாகத் திறந்திருக்க மாட்டேன். அந்த நினைப்புதான் இன்றும் என்னைக் கொஞ்சம் நல்லவளாக வைத்திருக்கிறது.