மேளத்துக்குக் கொடுத்த காது

தேற்றாத்தீவு யோகராசா தவில்காரர் என்பதை ஒருவரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. தவிலின் வாரைச் சுமந்து சுமந்து ஒரு தோள் சரிந்துவிட்டது. நேரான தெருவிலும் ஆள் ஏதோ ஒழுங்கைக்குள் திரும்பப் போகிறவர் மாதிரித்தான் நடப்பார். விரல்களுக்கோ சும்மா இருக்கத் தெரியாது. பஸ்ஸில் முன் சீட்டு, சாப்பாட்டுக் கோப்பை, தூக்கத்தில் மனைவி சீதேவிப்பிள்ளையின் முதுகு, எல்லாம் அவருக்குத் தவில்தான்.

"அடிக்கிறதெண்டா முடிச்சிட்டு நிப்பாட்டுங்க. பாதியில விட்டா எனக்கு நித்திரை வருகுதில்ல" என்பாள் சீதேவிப்பிள்ளை. அவளும் பழகிவிட்டாள்.

மண்டைக்குள் மேளம் ஓய்வதில்லை. செத்த வீட்டில் ஒப்பாரி கேட்டாலும் அது என்ன தாளம் என்று மனம் எண்ணத் தொடங்கிவிடும். பாவி மனம், அதை என்ன செய்வது?

இதெல்லாம் ஊருக்குத் தெரிந்த கதை. தெரியாதது அவருடைய இடது காது. நாதஸ்வரக்காரர் சாமித்தம்பி கோயில் கோயிலாக அவருக்கு இடப்பக்கம் நின்று ஊதியதில், அந்தக் காது இப்போது பேருக்குத்தான் இருக்கிறது. டாக்டர் மெஷின் போடச் சொன்னார். யோகராசா துள்ளி எழும்பினார்.

"காதில மெஷின் மாட்டின மேளக்காரன எந்தக் கோயில்ல கூப்பிடுவாங்க? சாமித்தம்பியே முதல் ஆளாக் கழட்டி விட்டிருவான்!"

அன்றிலிருந்து சீதேவிப்பிள்ளை எங்கு போனாலும் அவருக்கு வலப்பக்கமே இருப்பாள். பொத்திப் பொத்திக் காப்பாற்றிய ரகசியம் அது. ஆனால் காது மந்தமானவருக்குத் தன் குரலின் அளவு தெரியுமா? யோகராசா குசுகுசுத்தால் பக்கத்து ஊர் களுதாவளை வரைக்கும் கேட்கும். அதை அவரிடம் சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை.

இந்த நேரம் பார்த்துத்தானா மகள் விதுர்ஷாவும் சாமித்தம்பியின் மகன் மதுரனும் ஒருவரை ஒருவர் விரும்பவேண்டும்? யோகராசா முதலில் ஒரே பிடியாக மாட்டேன் என்றார்.

"பொடியன் தங்கம்தான். தகப்பன்ட தலைக்கனம்தான் தாங்க ஒண்ணா. பக்கத்தில நிண்டு நான் ஒண்டு கேட்டா, மரம் மாதிரி நிப்பான். ஒரு காலம் ஒரு கோப்பையில சாப்பிட்டவன்!"

உண்மையில் அந்தக் கடைசிச் சொல்தான் அவரைத் தின்றுகொண்டிருந்தது. என்றாலும் மகளின் அழுகைக்கு முன்னால் எந்தத் தகப்பனின் வீம்பு நின்றிருக்கிறது? சாமித்தம்பி குடும்பத்தை வரச் சொன்னார்கள். "வாயத் திறந்திராதீங்க" என்று தாயும் மகளும் மாறி மாறிச் சொல்லி வைத்தார்கள்.

வந்தார்கள். வரிசையாகக் கதிரை போட்டிருந்தது. மேடைப் பழக்கம் விடுமா? சாமித்தம்பி நேரே போய் யோகராசாவின் இடப்பக்கம் உட்கார்ந்தார். தேத்தண்ணி வந்தது, பலகாரம் வந்தது. யோகராசாவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. மனைவியின் பக்கம் சாய்ந்து, தன் கணக்கில் மெதுவாக, குசுகுசுத்தார்.

"இவன் இப்ப தோடி வாசிச்சாலும் நாய் ஊளையிட்டாலும் ஒண்டுதான். சுருதி எங்கயோ போகுது. என்ட மேளம் இல்லாட்டிச் சனம் கல்லெறியும்!"

வீடு அப்படியே உறைந்துபோனது. விதுர்ஷா தலையில் கை வைத்தாள். மதுரனின் தாய்க்குத் தேத்தண்ணி புரையேறியது. எல்லாக் கண்களும் சாமித்தம்பியிடம் போயின. அந்த மனிதரோ பயற்றம் பணியாரத்தை ரசித்துக் கடித்துக்கொண்டிருந்தார். கடித்து முடித்து, தன் மனைவியின் பக்கம் சாய்ந்து, அவரும் குசுகுசுத்தார். அதுவும் முற்றம் தாண்டிக் கேட்டது.

"பாத்தியாகா இவன்ட திமிர? நான் எத்தின தரம் கதை குடுத்தாலும் கிறுகித் திரும்பியும் பாக்கான். புள்ளைக்காகத்தான் இந்த வாசல் மிதிச்சன்!"

யோகராசா ஒன்றும் நடவாததுபோல முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

முதலில் சிரித்தவன் மதுரன். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. சீதேவிப்பிள்ளை சிரித்துச் சிரித்துச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். என்ன சிரிப்பு என்று விளங்காமல் விழித்தவர்கள் அந்த இருவரும்தான். விதுர்ஷா வந்து தகப்பனின் கையைப் பிடித்து எழுப்பினாள்.

"அப்பா, மாமாட கதிரையில நீங்க இருங்க. மாமா, நீங்க இங்கால வாங்க." இருவரையும் இடம் மாற்றி இருத்திவிட்டு, உரத்துச் சொன்னாள். "அப்பாக்கு இடது காது கேக்காது, மாமா. உங்களுக்கு வலது காது கேக்காது. இப்ப கதையுங்க."

யோகராசாவுக்கு உயிரே போய்விட்டது. போச்சு, கோயிலும் போச்சு, கல்யாணமும் போச்சு. நிமிர்ந்து பார்த்தால் சாமித்தம்பியின் முகமும் வெளிறிக் கிடந்தது.

"உனக்குமாடா மச்சான்?" என்றார் சாமித்தம்பி. "எனக்கு உன்ட மேளத்தாலதான். தெரிஞ்சா வேற ஆளோட போயிடுவாய் எண்டு சொல்லல்ல."

வருசக்கணக்கில் அந்தக் குரல் இவ்வளவு கிட்டக் கேட்டதில்லை. யோகராசாவின் விரல்கள் முழங்காலில் அசையாமல் கிடந்தன.

"அப்ப சுருதி விலகினது..."

"ஒத்தக் காதால கேட்டு வாசிக்கிறன். பின்ன என்ன செய்ய?"

யோகராசாவின் கண் நிறைந்துவிட்டது. துடைக்கவும் இல்லை. "நாய் ஊளை எண்டு சொல்லிப்போட்டன், மச்சான். என்னை மன்னிச்சிரு" என்றார்.

"எப்ப சொன்னாய்? எனக்குக் கேக்கல்லியே" என்றார் சாமித்தம்பி. மறுபடியும் வீடே சிரித்தது.

"இனிக் கோயில்லயும் இப்படி மாறி நிப்பம். கதைக்க வசதி" என்றார் யோகராசா.

"பைத்தியமாடா உனக்கு? மிச்சமிருக்கிற காதையும் உன்ட மேளத்துக்குக் குடுக்கவா? அங்க பழையபடி நிப்பம். கதைக்கிறதுக்கு நான் இஞ்ச வாறன்."

கல்யாண நாளைப் பற்றி மதுரனின் தாய் மூன்று தரம் கேட்டாள். இரண்டு சம்பந்திமாருக்கும் அது கேட்கவில்லை. கேட்கிற காது இரண்டும் வேறு வேலையாக இருந்தன.